கடைசியில் யாரும் சாகாத கதை இருக்கா?

போன இதழ் முடிஞ்சதும் எல்லாருக்கும் ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பியிருந்தோம், ஞாபகம் இருக்கும். "அடுத்த இதழில் என்ன வேணும்?" என்று ஒரே ஒரு கேள்வி. பெயர், ரோல் நம்பர் எதுவும் கேட்கல. வந்த பதில்களில் பெரும்பாலானவை பிளேஸ்மென்ட், அரியர், மெஸ் சாம்பார் பத்தித்தான். நடுவுல ஒண்ணு மட்டும் இப்படி இருந்தது:

"கே, லெஸ்பியன், திருநங்கை, திருநம்பி, இந்த மாதிரி ஆட்கள் வர்ற நல்ல கதை, நாவல் சொல்லுங்க. காமெடிக்காக வர்றவங்களா இருக்கக் கூடாது. முடிஞ்சா கடைசியில யாரும் சாகாத கதையா சொல்லுங்க."

ஆசிரியர் குழுவில் நாங்க அஞ்சு பேர். வாசிக்கிறவங்கன்னு எங்களுக்கு நாங்களே பேர் வச்சுக்கிட்டவங்க. சட்டுன்னு ஒருத்தர் வாயிலயும் ஒரு புத்தகத்தோட பேர் வரல. ஒருத்தன் மட்டும், "யாருடா இது, நம்ம டிபார்ட்மென்ட்டா?" என்று கேட்டான். எடிட்டர் அக்கா உடனே சொன்னாங்க: "ஆளைத் தேடாத. புத்தகத்தைத் தேடு."

அப்படித் தேடினதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல சிதம்பரத்துல ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். கேள்வியைச் சுத்தி வளைச்சுக் கேட்டேன். கடைக்கார அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "ப்ராஜெக்டா தம்பி?" என்றார். "ஆமாண்ணே" என்று சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். ஒரு புத்தகம் கேக்கறதுக்கே எனக்குப் பொய் தேவைப்பட்டுதுன்னா, அந்த ஃபார்மை நிரப்பின ஆளு எப்படிக் கடை கடையா ஏறி இறங்க முடியும்?

தேடி முடிச்சப்போ தெரிஞ்சது இதுதான்: தமிழில் இப்படிப்பட்ட எழுத்து இல்லாம இல்ல, நிறைய இருக்கு. ஆனா அது எந்தப் பெயரில் இருக்கு என்பதுதான் பிரச்சனை. நம்ம பாஷையில சொன்னா, டேட்டாபேஸ்ல ரோ இருக்கு, நாம தேடுற கீ தப்பு.

சொல் மாறினா தேடலும் மாறும்

'குயர்' என்பது ஆண்–பெண் என்ற வழக்கமான கோட்டுக்குள் அடங்காத எல்லாரையும் சேர்த்துச் சொல்ற ஒரு பொதுச் சொல். தமிழ்ல இதற்கு 'பால்புதுமையர்' என்ற சொல் இப்போ புழக்கத்துக்கு வந்திருக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கில் பிறப்பித்த உத்தரவுகளைத் தொடர்ந்து, கண்ணியமான சொற்களுக்கான பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. இந்தச் சொல் அதிலும் இருக்கு.

யோசிச்சுப் பாருங்க. 2022-இல் அரசிதழுக்கு வந்த சொல்லை வச்சு 1978-இல் வந்த நாவலைத் தேடினா எப்படிக் கிடைக்கும்? அதை எழுதினவருக்கே அந்தச் சொல் தெரியாதே!

அதனால காலத்துக்கேற்ற சொல்லால தேடணும். பழைய இலக்கியத்துல 'பேடி', 'பேடு', 'அலி' என்று வரும். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்றின் பெயரே 'பேடு'. அப்புறம் ரொம்பக் காலம் கேலிச் சொற்கள்தான் அதிகம். பிறகு அரவான் கதையிலிருந்து வந்த 'அரவாணி'. தமிழ்நாடு அரசு 2008-இல் நல வாரியம் அமைச்சப்போகூட அது 'அரவாணிகள் நல வாரியம்'தான். அதையொட்டிய காலத்துல 'திருநங்கை' என்ற சொல் பரவுச்சு. பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்கிறவர் 'திருநம்பி'. ரெண்டு பேரையும் சேர்த்துச் சொல்ல 'திருநர்'.

கே, லெஸ்பியன் விஷயத்தில் செய்தித்தாள்களும் பழைய விமர்சனங்களும் பயன்படுத்தின சொல் 'ஓரினச்சேர்க்கை'. ஒரு மனுஷரோட மொத்த வாழ்க்கையையும் படுக்கையறைக்குள்ள சுருக்கிடுதுன்னு இப்போ பலர் இதைத் தவிர்க்கறாங்க, 'தன்பாலீர்ப்பு' என்கிறாங்க. பேசும்போது புதுச் சொல்லையே பேசுங்க. ஆனா தேடும்போது பழைய சொல்லையும் போட்டுத் தேடுங்க, ஏன்னா பழைய கட்டுரைகள் அதுக்குள்ளதான் கிடக்கு.

இன்னொரு சிக்கல், தலைப்பு. 'வாடாமல்லி'ன்னு தேடினா பூச்செடி வளர்ப்பு வருது. 'கோமதி'ன்னு தேடினா சங்கரன்கோவில் அம்மன் வர்றாங்க. தலைப்போட ஆசிரியர் பெயரையும் சேர்த்தே தேடணும்.

பேனா யார் கையில் இருந்தது?

கிடைச்சதையெல்லாம் வரிசைப்படுத்தினப்போ ஒரு விஷயம் கண்ணுல பட்டது. கதை யாரைப் பத்தி என்பதோட, யார் எழுதினது என்பதும் முக்கியம்.

முதல் கட்டத்தில் வெளியே இருந்து பார்த்தவங்கதான் எழுதினாங்க. கி. ராஜநாராயணனோட 'கோமதி' என்ற சிறுகதை அதுல ஒண்ணு. கோமதிச் செட்டியார் ஒரு சமையல்காரர். ஆண், ஆனா மனசு, நடை, பேச்சு, ஆசை எல்லாம் பெண்ணோடது. ஊர்ல இப்படி ஒருத்தரை எல்லாரும் பார்த்திருப்பாங்க, சிரிச்சிருப்பாங்க. கி.ரா. அவரைக் கதையோட நடுவில் உட்கார வச்சார். கதை முழுக்கத் தேடினாலும் நாம மேலே பார்த்த நவீனச் சொல் ஒண்ணும் வராது. கி.ரா.வோட முழுச் சிறுகதைத் தொகுப்பை எடுத்துப் பொருளடக்கத்துல இந்தத் தலைப்பைத் தேடுங்க. ஒரே உட்காரல்ல படிச்சிடலாம்.

அடுத்து கரிச்சான் குஞ்சு எழுதிய 'பசித்த மானிடம்', 1978. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்து வாழ்க்கை. கணேசன் என்ற ஆதரவில்லாத பையன் வளர்ந்து, தொழுநோயாளியாகி, தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறான். ஆண்களுக்கு இடையிலான உடலுறவைத் தமிழில் மறைக்காமல் எழுதின ஆரம்பகால நாவல் என்று பலரும் இதைத்தான் சொல்றாங்க. ஆனா ஒரு எச்சரிக்கை: சோறும் படிப்பும் குடுக்கிற பெரிய மனுஷங்களே அந்தப் பையனைப் பயன்படுத்திக்கறாங்க. இது காதல் இல்ல, சுரண்டல். "கே நாவல் வேணும்" என்று கேட்ட ஒருத்தர் கையில எதுவும் சொல்லாம இதைக் குடுத்தா, அவர் தன்னைப் பத்தித் தப்பான பாடம் கத்துக்குவார். நாவலா இது பெரிய சாதனை. 2022-இல் ஆங்கிலத்துக்கும் போயிருக்கு. எதுக்காகப் படிக்கிறோம்னு தெரிஞ்சு படிக்கணும், அவ்வளவுதான்.

மூணாவது, சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி', 1994. கிராமத்துல இருந்து காலேஜுக்குப் படிக்கப் போன சுயம்பு, தனக்குள்ள இருக்கிற பெண்ணை மறைக்க முடியாம எல்லாராலும் துரத்தப்படற கதை. வீடு, ஹாஸ்டல், கல்லூரி நிர்வாகம்னு ஒவ்வொரு கதவும் மூடுறதைப் படிக்கும்போது, நாம எந்தக் கதவுப் பக்கம் நிக்கிறோம்னு கேள்வி வரும். சில இடங்கள்ல நடை சினிமா மாதிரி இருக்கும். சில சொற்கள் இன்னைக்குக் காதுல உறுத்தும். ஆனா திருநங்கைன்னாலே சிரிக்கிறதுக்குன்னு இருந்த காலத்துல, ஒரு திருநங்கையைக் கதாநாயகி ஆக்கின நாவல் இது.

இரண்டாம் கட்டத்தில் பேனா கை மாறுது. ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்' 2004-இல் வந்தது; தமிழ்நாட்டுத் திருநங்கைகளோட வாழ்க்கை அவங்க சொல்லாலேயே. அதுக்கப்புறம் 2007-இல் லிவிங் ஸ்மைல் வித்யாவோட 'நான், சரவணன் வித்யா'. இதை வச்சு எடுத்த கன்னடப் படம் 'நானு அவனல்ல, அவளு' தேசிய விருது வாங்குச்சு. ரேவதி தன் சொந்தக் கதையைச் சொன்னப்போ அது 2010-இல் முதல்ல ஆங்கிலத்தில் புத்தகமாச்சு. தமிழில் 'வெள்ளை மொழி'யா வந்தது அடுத்த வருஷம்தான். நாமக்கல் பக்கத்துல பிறந்த ஒருத்தரோட கதை, தமிழுக்கு இங்கிலீஷ் வழியா சுத்திக்கிட்டு வந்திருக்கு.

"கேட்டது கதை, நீ தன்வரலாறு சொல்றியே" என்று யாராவது கேட்கலாம். நியாயம்தான். ஆனா தங்களைப் பத்தி மத்தவங்க எழுதின கதையே சுத்திக்கிட்டு இருந்தப்போ, "உண்மையில நடந்தது இதுதான்"னு முதல்ல சொல்லியாக வேண்டியிருந்தது. கற்பனை பண்ற சுதந்திரம் அதுக்கப்புறம்தான் வரும். அது தன்வரலாறு என்று தெளிவா சொல்லிட்டே குடுத்தா போதும்.

மூணாம் கட்டம், அவங்களே எழுதின புனைவு. பிரியா பாபுவின் நாவல் 'மூன்றாம் பாலின் முகம்' 2008-இல் வந்தது. கல்கி சுப்ரமணியத்தின் 'குறி அறுத்தேன்' கவிதைத் தொகுப்பும் இந்த வரிசையில் சேரும். ஆனா தலைப்பைப் பார்த்தாலே தெரியும், மென்மையான புத்தகம் இல்ல.

நாலாவது கட்டம், பதிப்பிப்பதும் அரங்கு போடுவதும்கூட அவங்களே. குயர் சென்னை குரானிக்கிள்ஸ் என்ற அமைப்பு 2018 முதல் சென்னையில் பால்புதுமையர் இலக்கிய விழா நடத்துது. கிரீஷ் எழுதிய 'விடுபட்டவை' அந்த வட்டத்துல இருந்து வந்த புத்தகம். ஒரு கே ஆண் தன் குரலில், தமிழிலேயே எழுதினது. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் திருநர்கள் நடத்தின தனி அரங்கு இருந்தது. அதுக்குப் பின்னால இருந்தவங்கள்ல கிரேஸ் பானுவும் ஒருத்தர். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநர் அவர்தான். நம்ம மாதிரி ஒரு கிளாஸ்ரூம்ல உட்கார்ந்து சர்க்யூட் தியரி படிச்சவர்.

கூத்தாண்டவர் நம்ம பக்கத்து ஊர்தான்

கடலூர், சிதம்பரம் ஆட்களுக்கு இதுல இன்னொரு பங்கு இருக்கு. திருநங்கை பற்றின தமிழ் எழுத்து எதை எடுத்தாலும் கூவாகம் வந்துடும். களப்பலியாகப் போற அரவானைக் கிருஷ்ணன் மோகினி உருவெடுத்து மணந்த கதை. சித்திரையில் தாலி கட்டிக்கிட்டு மறுநாள் தாலி அறுக்கிற திருவிழா. அந்தக் கூவாகம் இன்னைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டம். அதுக்கு முன்ன விழுப்புரம். 1993 வரைக்கும், கடலூரைத் தலைநகரமாக் கொண்ட தென்னார்க்காடு.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கடலூர்–சிதம்பரம் ரோட்டுல டோல்கேட்டுக்காக எல்லாரும் திட்டுற கொத்தட்டையிலேயே ஒரு கூத்தாண்டவர் கோயில் இருக்கு. அங்கேயும் திருவிழாவுக்குத் திருநங்கைகள் வந்து தாலி கட்டிக்கறாங்க. டே ஸ்காலர்ஸ் தினமும் அந்த வழியா ஹெட்போன் மாட்டிக்கிட்டுப் போறோம். எனக்கே இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போதுதான் இது தெரிஞ்சது.

ஆனா இங்கே ஒரு கேள்வி கேட்டாகணும். திருவிழா ஒரு சில நாள்தான். மத்த நாளெல்லாம்? பல கதைகள் திருநங்கையைத் தாலியோடயும் ஒப்பாரியோடயும் மட்டும் காட்டிட்டு முடிஞ்சிடுது. அவங்க வாடகை வீடு தேடறது, வேலைக்கு அப்ளை பண்றது, ரேஷன் கார்டுக்கு அலையறது, சும்மா ஒரு சாயங்காலம் சிரிச்சுப் பேசறது இதெல்லாம் எங்கே? ஒரு புத்தகம் நல்லா இருக்கா என்று பார்க்க நான் கண்டுபிடிச்ச எளிய வழி இதுதான்: திருவிழா முடிஞ்ச மறுநாளும் அந்தப் பாத்திரத்துக்கு வாழ்க்கை இருக்கா? வித்யா, ரேவதி புத்தகங்கள்ல இருக்கு.

தமிழுக்கு வெளியே

நம்ம பட்டியல்ல ரெண்டு பெண்களுக்கு இடையிலான காதல், திருநம்பிகள் ரெண்டும் மெலிசா இருக்கு. அதனால பக்கத்து மொழிகளுக்குப் போக வேண்டியிருந்தது.

உருதுவில் இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்', 1942. கணவன் கண்டுகொள்ளாத பேகமும் அவளுடைய பணிப்பெண்ணும். ராத்திரி சுவரில் ஆடுற ரஜாயின் நிழல். அதைப் பார்த்துப் பயப்படும் ஒரு சின்னப் பெண்தான் கதை சொல்றா. ஆபாசம்னு லாகூர் கோர்ட்டில் வழக்குப் போட்டாங்க. இதுதான் ஆபாசச் சொல்னு கதையில ஒண்ணைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாம வழக்கு நிக்கல. பாருங்க, பேர் சொல்லாததுதான் அந்தக் கதையைக் கோர்ட்டில் காப்பாத்துச்சு. அதே காரணத்தாலதான் தேடும்போது கையில சிக்க மாட்டேங்குது. குழந்தை சங்கடப்படுற இடம் ஒண்ணு இதுல இருக்கு, முன்கூட்டியே சொல்லிடுறேன்.

கன்னடத்தில் வசுதேந்திரா. நம்ம சாதி, அதாவது என்ஜினியர்! சூரத்கல்லில் படிச்சு, பெங்களூரில் ரொம்ப வருஷம் சாப்ட்வேர் வேலை பார்த்தவர். 2013-இல் வந்த 'மோகனசாமி' சிறுகதைத் தொகுப்பு, சின்ன ஊரிலிருந்து நகரத்துக்கு வந்த கே இளைஞனோட காதல், அவமானம், தனிமை பத்தினது. ரூம்மேட், ஐடி கம்பெனி, வீட்டுல கல்யாணப் பேச்சு என்று எல்லாமே நமக்குத் தெரிஞ்ச உலகம். ஒரு கதையில கிளிமஞ்சாரோ மலையேத்தம்கூட வருது. ஆங்கிலத்தில் கிடைக்குது.

இலங்கையிலிருந்து ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்', 1994. வாடாமல்லி வந்த அதே வருஷம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட, கொழும்புத் தமிழ்க் குடும்பத்துக் கதை. பொண்ணுங்களோட சேர்ந்து கல்யாணப்பொண்ணு விளையாட்டு விளையாடி மாட்டிக்கிற சின்னப் பையன் ஆர்ஜி, பள்ளியில் ஷெஹான் என்ற சிங்களப் பையனைக் காதலிக்கிற வயசுக்கு வளர்றான். வெளியே 1983 ஜூலைக் கலவரம் நெருங்கிட்டே இருக்கு. தமிழனா இருக்கிறதும் கே-யா இருக்கிறதும் ஒரே உடம்புல எப்படி ரெண்டு ஆபத்தா மாறுதுன்னு இவ்வளவு எளிமையா சொன்ன புத்தகத்தை நான் படிச்சதில்ல.

எஸ்.ஜே. சிந்துவின் 'மேரேஜ் ஆஃப் எ தவுசண்ட் லைஸ்' (2017), அமெரிக்காவில் வாழும் இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருத்தியோட கதை. அவ லெஸ்பியன், புருஷன் கே. ரெண்டு பேரும் பெத்தவங்களுக்காகக் கல்யாணம் பண்ணி நடிக்கிறாங்க. "நாலு பேர் என்ன சொல்வாங்க" கடல் தாண்டியும் நம்மள விடாது என்பதுக்கு சாட்சி. அருந்ததி ராயின் இரண்டாவது நாவலில் (2017) வரும் அஞ்சும், டெல்லியில் ஒரு கல்லறைத் தோட்டத்தையே வீடாக்கி, போக்கிடம் இல்லாதவங்களைச் சேர்த்து வச்சுக்கிற திருநங்கை. இதை ஜி. குப்புசாமி 'பெருமகிழ்வின் பேரவை'யா தமிழாக்கியிருக்கார். திருநம்பிகள் பத்தி வாசிக்க, ரேவதியோட இரண்டாவது ஆங்கிலப் புத்தகத்தில் (2016) திருநம்பிகள் தங்கள் வாழ்க்கையைச் சொல்ற பகுதி இருக்கு.

கையில எப்படிக் கிடைக்கும்?

சிதம்பரத்துல படிக்கிறவங்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகம், கடலூர்ல இருக்கிறவங்களுக்கு மாவட்ட மைய நூலகம். ரெண்டு இடத்துலயும் தலைப்பு அல்லது ஆசிரியர் பெயர் சொல்லிக் கேளுங்க, பொருள் சொல்லிக் கேட்காதீங்க. "திருநங்கை பத்தி ஏதாவது இருக்கா?" என்பதைவிட "சு. சமுத்திரம் நாவல் எங்கே சார் இருக்கு?" என்பது சீக்கிரம் வேலை செய்யும். உங்களுக்கும் பதற்றம் கம்மி. நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி நம்ம மாவட்டத்துலயே நடக்குது. கூட்டத்தோட கூட்டமாப் புரட்டிப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்ல. நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் தமிழ் விக்கிமூலத்திலும் தமிழ் இணைய மின்னூலகத்திலும் காசில்லாமக் கிடைக்குது. கடைக்கு ஓடுறதுக்கு முன்ன அங்கே ஒரு தடவை தேடிடுங்க.

இன்னொண்ணு, ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கு. என்ன புத்தகம் படிக்கிறோம் என்பது நம்ம சொந்த விஷயம். ஆனா நாலு பேர் ரூம்ல அது பொது விஷயம் ஆயிடும். அட்டைக்கு மேல நியூஸ்பேப்பர் போடறது கோழைத்தனம் இல்ல. போன்ல மின்னூலாப் படிக்கலாம். குடும்பத்தோட ஒரே அக்கவுண்ட் பகிர்ந்துக்கறவங்க, வாங்கின லிஸ்ட் வீட்டுலயும் தெரியும் என்பதை மறக்காதீங்க.

இன்னொருத்தருக்குச் சொல்லும்போது

தேடறதைவிடக் கஷ்டமானது பரிந்துரைக்கறதுதான். இந்த ஒரு மாசத்துல நாங்களே தப்புப் பண்ணிக் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

ஒண்ணு: ஒருத்தரைப் பார்த்து "இவன் அப்படியோ"ன்னு சந்தேகப்பட்டு, அவன் கையில போய் "உனக்கு இது பிடிக்கும்னு தோணுச்சு"ன்னு இந்தப் புத்தகத்தைக் குடுக்காதீங்க. நீங்க நல்லெண்ணத்துல பண்ணினாலும், அவன் சொல்லாத ஒண்ணை நீங்க சொன்ன மாதிரி ஆயிடும். பக்கத்துல நாலு பேர் இருந்தா இன்னும் மோசம். அதுக்குப் பதிலா எல்லாருக்கும் பொதுவான லிஸ்ட்ல போடுங்க. கிளாஸ் குரூப்ல "இந்த செமஸ்டர் படிச்சதுல பிடிச்ச அஞ்சு"ன்னு போடும்போது பொன்னியின் செல்வனோட 'ஃபன்னி பாய்'யும் இருக்கட்டும். வேணுங்கிறவங்க சத்தமில்லாம எடுத்துக்குவாங்க. எங்க இதழ்ல இதைத் தனி மெயிலா அனுப்பாம எல்லாருக்கும் கட்டுரையாப் போடறதும் அதுக்காகத்தான்.

ரெண்டு: கேட்டதைக் குடுங்க. கே பத்திக் கேட்டா திருநங்கை புத்தகத்தை நீட்டறது நம்ம ஊர்ல ரொம்ப சகஜம். யாரை விரும்பறோம் என்பது வேற, நாம யாரு என்பது வேற. ரெண்டையும் குழப்பற பழக்கத்தாலதான், கே பையன்கள் பலர் "அப்போ நான் யாரு?"ன்னு குழம்பறாங்க.

மூணு: உள்ளே என்ன இருக்குன்னு சொல்லிக் குடுங்க. அடிதடி, பாலியல் வன்முறை, தற்கொலை, வீட்டை விட்டுத் துரத்தறது இதெல்லாம் இந்தப் புத்தகங்கள்ல வரும். திருநங்கைகளோட தன்வரலாறுகள்ல 'நிர்வாணம்' என்ற சொல் வந்தா அது அறுவை சிகிச்சையைக் குறிக்கும். அந்தப் பக்கங்கள் வலியானவை. முன்கூட்டித் தெரிஞ்சா, எப்போ படிக்கலாம்னு படிக்கிறவர் முடிவு பண்ணிக்குவார். படிச்சு மனசு ரொம்பக் கனத்துப் போனா, 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கு, தமிழ்லயே பேசலாம்.

நாலு: எழுதப்பட்ட வருஷத்தைச் சொல்லுங்க. 1994 புத்தகத்துல இருக்கிற சொல்லை 2014-க்கு அப்புறம் பிறந்த சொல்லால திட்டறதுல பிரயோஜனம் இல்ல. திருநர்களோட உரிமையை உச்ச நீதிமன்றம் ஏத்துக்கிட்டது 2014 ஏப்ரல் 15. 377-ஆவது பிரிவிலிருந்து தன்பாலீர்ப்பாளர்களை விடுவிச்சது 2018 செப்டம்பர் 6. அதுக்கு முன்ன எழுதினவங்க சட்டமே எதிரா இருந்தப்போ எழுதினவங்க.

ஃபார்மை நிரப்பினவருக்கு

நீங்க யாருன்னு தெரியாது, தெரிய வேண்டாம். உங்க கேள்விக்கு நேரா பதில்: முதன்மைப் பாத்திரம் கடைசிப் பக்கத்துல உயிரோட இருக்கிற புத்தகம்னா, 'ஃபன்னி பாய்'ல ஆர்ஜி இருக்கான். வீடு எரியுது, காதலைப் பிரியறான், ஊரை விட்டுப் போறான், ஆனா இருக்கான். அஞ்சும் இருக்கா, கல்லறைத் தோட்டத்துக்கே உயிர் குடுத்துட்டு. வித்யாவும் ரேவதியும் தங்கள் புத்தகத்தைத் தாங்களே எழுதி முடிச்சவங்க. இதைவிட என்ன சாட்சி வேணும்? முதல் புத்தகமா எதை எடுக்கறதுன்னு கேட்டா, தமிழ்ல 'நான், சரவணன் வித்யா', ஆங்கிலத்துல 'மோகனசாமி'. சின்ன டோஸ்ல ஆரம்பிக்கணும்னா 'கோமதி'.

எல்லாம் சந்தோஷமா முடியற கதை, காலேஜ் பெஞ்சுல ஆரம்பிச்சு காபியில முடியற ஒரு சாதாரணக் காதல் கதை, தமிழ்ல உங்களுக்குக் காட்ட என் கையில சிக்கல. ஒருவேளை யாராவது எழுதி, நான் தப்பான சொல்லைப் போட்டுத் தேடியிருக்கலாம். தெரிஞ்சவங்க சொல்லுங்க, அடுத்த இதழ்ல சேர்க்கறோம். இல்ல, நீங்களே எழுதறீங்களா? புனைபெயர்ல அனுப்புங்க. யாருன்னு கேட்க மாட்டோம்.

நேத்து சாயங்காலம் அதே கடைக்குப் போனேன். 'வாடாமல்லி' வந்திருக்கான்னு கேட்டேன். அண்ணனுக்கு என்னை ஞாபகம் இருந்தது. "ப்ராஜெக்ட் இன்னும் முடியலையா தம்பி?" என்றார்.

"ப்ராஜெக்ட் இல்லண்ணே. படிக்கத்தான்."

அவர் ஒண்ணும் சொல்லல. நோட்டை எடுத்து என் பேரையும் புத்தகத்தோட பேரையும் எழுதிக்கிட்டார். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கார்.